அறையின் மூச்சைக் கேட்ட விசாலாக்ஷி அம்மையாருக்கு

ஐயமே அணியாகவும் அமைதியே ஆயுதமாகவும் கொண்டு, அடுத்தவர் சொல்லை அப்படியே விழுங்காத அரிய பெருமாட்டியே! மாட்டுங்காவில் பிறந்து, தாராவியில் நடந்து, செம்பூரில் ஒலித்த செந்தமிழ்ச் செவியே! பொய் புன்னகையோடு வந்தபோது புருவம் உயர்த்தியவரே! மெய் அழுக்குச் சட்டையோடு வந்தபோது நாற்காலி இழுத்துப் போட்டவரே! அச்சேறிய எழுத்தால் ஒரு தலைமுறையையும், காற்றேறிய குரலால் மறு தலைமுறையையும் நிம்மதியாக உறங்கவிடாத எங்கள் 'கேள்விச் செவி'யின் தலைமைத் தயாரிப்பாளரே! பணி நிறைவு பெற்றுப் படியிறங்கும் தங்களுக்கு, தங்களோடு உழைத்தோர், தங்கள் ஐயத்துக்கு ஆளானோர், ஆளாகியும் அகலாதோர் அனைவரும் கூடி அன்போடு அளிக்கும் பாராட்டு மடல் இது!

வணக்கம் சொல்லியாயிற்று. இனித் தங்களைப் பார்த்துப் பேசப் போவதில்லை. பேசினால், "அரிய பெருமாட்டி என்கிறீர்களே, யார் சொன்னது, எப்போது சொன்னது?" என்று வரிக்கு வரி ஆதாரம் கேட்பீர்கள். மடல் முடியாது, பந்தியில் பாயசம் ஆறிப்போகும். ஆகவே இந்தக் கூடத்தில் நிறைந்திருக்கும் எங்கள் செல்வங்களைப் பார்த்தே சொல்கிறோம். கேளுங்கள், கண்ணுகளே. வாஷியிலிருந்தும் நெருளிலிருந்தும் வண்டி மாறி, நெரிசலில் நசுங்கி வந்திருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வராது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் என்ன? கேட்க வருமே! இந்த மடல் கேட்பதற்கென்றே எழுதப்பட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதெல்லாம் அப்புறம்.

விசாலாக்ஷி அம்மையார் சந்தேகத்தோடு பிறந்தவர் என்று அவர் வீட்டார் சொல்வார்கள். அதை நாங்கள் சரிபார்க்கவில்லை. ஆனால் சந்தேகத்தோடு வேலையில் சேர்ந்தவர் என்பதற்குச் சான்று உண்டு. பம்பாய்த் தமிழ் நாளிதழ் ஒன்றில் அவருக்கு முதன்முதலில் கொடுத்த வேலை, காலமானார் அறிவிப்புகளைத் திருத்தி எழுதுவது. வந்ததை எழுதிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? அவரோ, போனவர் போனது உண்மைதானா என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். ஒருநாள் மறுமுனையில் போனை எடுத்தவரே போனவராக இருந்தார்.

"யார் பேசறது?"

"சுந்தரராமன்."

"எந்தச் சுந்தரராமன்?"

"இந்தாத்துல ஒரே சுந்தரராமன்தான். நீ யாரும்மா?"

"மாமா, நீங்க நேத்திக்கு காலமாயிட்டதா எங்க பேப்பருக்கு எழுதி வந்திருக்கு."

"யார் எழுதினா?"

"உங்க மச்சினர்."

"அப்போ போடாதே. அவன் சொன்னது எதுதான் நிஜமாச்சு!"

மச்சினர் ஏன் அப்படி எழுதினார் என்று தோண்டப் போய், மாஹிம் பக்கம் ஒரு கட்டடத்தையே விழுங்கப் பார்த்த கூட்டம் வெளிப்பட்டது. அன்று தொடங்கிய தோண்டல். கலப்பட மருந்து, காணாமற்போன ரேஷன் மூட்டை, கட்டப்படாமலே திறப்பு விழாக் கண்ட பொதுக் கழிப்பறை என்று அவர் வெளிக்கொணர்ந்தவை எத்தனையோ. மிரட்டலுக்கு மிரளாதவர், மாலைக்கு மயங்காதவர், மாநகராட்சித் தேநீரை மரியாதைக்காகக்கூட மடக்கெனக் குடிக்காதவர். நாளிதழ் மூடப்பட்டபோது, "கண்ணுக்கு வேலை போச்சு, காது இருக்கு" என்று செம்பூரில் ஒரு மாடி அறையில் 'கேள்விச் செவி' பாட்காஸ்டைத் தொடங்கினார். எங்களை ஒருவர்பின் ஒருவராகச் சேர்த்தார். சேர்த்தபோதே சந்தேகித்தார்.

அவர் வகுத்த வழக்கங்கள் இரண்டை இங்கே சொல்லியாக வேண்டும். எந்த இடத்தில் ஒலிப்பதிவு செய்தாலும், பேச்சைத் தொடங்குமுன் யாரும் பேசாமல் சற்று நேரம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிய வேண்டும். 'அறை மூச்சு' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். மின்விசிறி, குழாய்ச் சொட்டு, அடுத்த வீட்டுக் குக்கர், தூரத்து ரயில் எல்லாம் அதில் இருக்கும். "மனுஷா பொய் சொல்லுவா. அறை சொல்லாது" என்பார். இரண்டாவது வழக்கம், பதிவு முடிந்ததும் அதன் முழுப் பிரதியைப் பேசியவர் கையிலேயே ஒரு பென் டிரைவில் கொடுத்துவிடுவது. "நாளைக்கு நாங்க வெட்டி ஒட்டிட்டோம்னு தோணித்துன்னா, இதைப் போட்டுக் காட்டிச் சண்டைக்கு வாங்கோ" என்று சொல்லிக் கொடுப்பார். தன்னையே சந்தேகிக்கப் பிறர் கையில் சாவி கொடுத்த தயாரிப்பாளரை நீங்கள் வேறெங்கும் கண்டிருக்க மாட்டீர்கள்.

அந்தச் சாவியே ஒருமுறை எப்படித் திருடனுக்குத் துணை போயிற்று என்பதுதான், செல்வங்களே, இன்றைய கதை.

தாராவியில் முகம்மது ஹனீப் என்பவர் தோல் பைகள் தைக்கும் பட்டறை வைத்திருந்தார். தெற்கே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இங்கே வேர் பிடித்த குடும்பம். ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில், ஜும்மா தொழுகைக்காகப் பட்டறையை வெளியே பூட்டிவிட்டு எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரத்தில், உள்ளே தீப்பிடித்தது. காய்ச்சலென்று மேல் பரணில் படுத்திருந்த பைசான் என்ற தொழிலாளி அகப்பட்டுக்கொண்டார். எதிர்வரிசையில் இட்லி அவிக்கும் குடும்பத்தார் ஓடிவந்து தகரத்தைப் பிளந்து அவரை வெளியே இழுத்தார்கள். உயிர் தங்கியது. கைகள் வெந்துபோயின.

"பரண்ல ஆளு கெடந்தது எனக்குத் தெரியாது" என்றார் ஹனீப். தெரியாமல் பூட்டியிருந்தால் விபத்து. தெரிந்தே பூட்டியிருந்தால் சிறை. சிறையைவிட மோசமாக, அந்தச் சந்தில் இனி அவர் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள். அந்த ஒற்றைக் கேள்வியில் அவர் வாழ்வு தொங்கியது.

அப்போதுதான் எங்கள் ஒலித்தொகுப்பாளர் நகுலின் போனுக்கு, முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ஓர் ஒலித்துண்டு வந்தது. நகுல் அதை எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். சந்தேகமேயில்லை, ஹனீபின் குரல்தான். "வெளிய பூட்டிட்டு வாங்க. பைசான் மேல கெடந்தா கெடக்கட்டும். தொழுகைக்கு நேரமாச்சி."

எங்கள் நிருபர் ஸ்மிதா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "மேடம், இது பாம்! இன்னிக்கே போட்டுடலாம். இல்லேன்னா வேற யாராச்சும் போட்டுடுவாங்க, பக்கா!"

விசாலாக்ஷி கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை கேட்டார். பிறகு நகுலைப் பார்த்தார்.

"ஏண்டா, தாராவில இவ்வளவு சுத்தமான காத்து எங்கே கிடைக்கறது? நேக்கும் ஒரு பாட்டில்ல பிடிச்சுண்டு வரச் சொல்லேன்."

"அரே மேடம், நான்தான் க்ளீன் பண்ணேன். பின்னாடி ஒரே நாய்ஸ். குரலே அமுங்கிப் போச்சு."

"என்ன நாய்ஸ்?"

"தையல் மிஷின். பட்டறைன்னா மிஷின் ஓடாதா?"

ஒலி வேலை செய்கிறவர்களின் கை இருக்கிறதே, அது இரைச்சலைக் கண்டால் சும்மா இராது. எச்சில் தட்டைக் கண்டால் கழுவ நீளும் கை மாதிரி. வந்தது சாட்சியா, சங்கதியா என்று யோசிக்குமுன்பே நகுல் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டார். "அசலைப் போடு" என்றார் விசாலாக்ஷி. அசலில் மிஷின்கள் கடகடவென்று ஓடின. அவர் நெற்றி சுருங்கியது.

"தொழுகைக்கு நேரமாச்சுன்னு சொல்றார். பூட்டச் சொல்றார். அப்போ மிஷினை ஓட்டிண்டிருந்தது யாரு?"

"அவசர ஆர்டரா இருக்கும்" என்று நகுல் முணுமுணுத்தார். அம்மையார் அந்தப் பதிலைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு முன்பே அவர் அந்தச் சந்தில், மைக்கும் கையுமாக, கரிந்த பட்டறைக்கு எதிரே போய் நின்றார். இட்லிக்கார முத்துமாரி அவரை விடவில்லை.

"என்ன பேப்பர்க்காரம்மா, எரிஞ்சு முடிஞ்சப்புறம் மைக்கத் தூக்கிட்டு வாறிய? முன்னக்கூட்டி வந்திருந்தா ரெண்டு வாளித் தண்ணியாவது ஊத்தியிருப்பிய!"

"தண்ணி இருந்துதா உங்க சந்துல?"

"அதையும் எழுதுங்க. அது எங்க இருந்துச்சி!"

பாங்கு ஒலித்தது. சந்திலிருந்த பட்டறைகளில் மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கடைசி மிஷினும் நின்றபோது, தாராவியில் அப்படியொரு அமைதி உண்டென்று அம்மையாருக்கே அன்றுதான் தெரிந்ததாம். முத்துமாரி வீட்டுக் குழந்தை தூளியில் கண்ணயர்ந்தது. "வாரத்துல இந்த நேரந்தாம்மா இது பகல்ல தூங்கும். மிஷின் நிக்கும்லா" என்றார் அவர், கேட்காமலே.

தொழுகை முடிந்து வந்த ஹனீப் அவரைக் கண்டதும் நின்றார்.

"யாரு அனுப்பிச்சா ஒங்கள?"

"யாரும் அனுப்பலை. நானாத்தான் வந்தேன்."

"போன வருசம் வந்தப்ப எம் பேச்ச நல்லாத்தான் போட்டிய. இப்ப எதப் போடப் போறிய?"

"தெரிஞ்சதைப் போடுவேன்."

"என்ன தெரியும்?"

"இன்னும் ஒண்ணும் தெரியாது."

அந்த நிலையிலும் ஹனீபுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மைக்கப் புடிச்சிட்டு வாற ஆளுவள்ல, ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தவதாம்மா." பாங்கு கேட்டபின்னும் மிஷின் ஓடுமா என்று அம்மையார் கேட்டதற்குப் பிறகு பதில் சொன்னார். பாங்கு கேட்டபின் மிஷின்மேல் கை வைப்பது அந்தச் சந்தில் யாருக்கும் வழக்கமில்லை.

ஆகவே ஒலித்துண்டு பொய். யாரோ ஹனீபின் குரலைக் கணினிக்குப் பழக்கி, அவர் சொல்லாததை அவர் குரலில் சொல்ல வைத்திருக்கிறார்கள். அது நம்பும்படி இருக்க வேண்டுமே என்று அடியில் பட்டறைச் சத்தத்தையும் பரப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமையை மறந்துவிட்டார்கள். 'ஆளைக் காப்பாற்றியாயிற்று, அப்பாடா' என்று நீங்கள் பெருமூச்சு விடலாம். அம்மையார் விடவில்லை. ஓர் இட்லிக்கடையின் சொல்லையும் ஒரு குழந்தையின் தூக்கத்தையும் வைத்துக்கொண்டு போலீஸ் வாசலில் நிற்க முடியாது. செய்தவர் யார்? செம்பூர் திரும்பி, ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு, பேச்சை விட்டுப் பின்னால் ஓடும் மிஷின் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்டவர் சட்டென்று நிமிர்ந்தார்.

மிஷின்களுக்கிடையே ஒரு தொண்டைச் செருமல். அது அவருடையது.

எல்லாரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு அறை மூச்சைப் பதியும்போது, தான் மட்டும் ஒருமுறை செருமிவிடுவது அம்மையாரின் தீராத பழக்கம். வானொலிப் பெட்டிக்குள் தும்முவது போல் ஒரு சிறு செருமல். அதை வெட்டி எறிவது நகுலின் தீராத வேலை. ஆக, பொய்க்கு அடியில் விரிக்கப்பட்டிருந்த பாய் எங்கள் வீட்டுப் பாய்! போன வருடம் ஹனீபைப் பேட்டி கண்ட பதிவிலிருந்து எடுத்தது. ஒலிபரப்பான அத்தியாயத்தில் அந்தச் செருமல் கிடையாது. அசல் பதிவு எங்கள் அலமாரியில்தான் இருந்தது.

செல்வங்களே, அதன்பின் எங்கள் மாடி அறையில் வீசிய காற்றை என்னவென்று சொல்வது! அலமாரிச் சாவி எல்லாரிடமிருந்தும் திரும்பப் பெறப்பட்டது. கணினிகளின் கடவுச்சொற்கள் மாறின. தேநீர் வந்தது, ஆறியது, போயிற்று. யார் போனை எடுத்தாலும் இன்னொருவர் காது நீண்டது. ஸ்மிதா கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்; வெளியே வந்து, "யாரும் என்னைச் சந்தேகப்படல, அதுவே ரொம்ப சந்தேகமா இருக்கு" என்று மறுபடி அழுதார். அம்மையாரின் பார்வை நகுல்மேல் நின்றது.

"என் செருமலை நித்தம் வெட்டறவன் நீ. அந்தத் துண்டைத் துடைச்சதும் நீ. உன் காதுல அது விழவே இல்லையா?"

"தட்டு தேய்க்கிறவன் எந்தப் பருக்கைன்னு பார்ப்பானா மேடம்? கை போச்சு, துடைச்சேன்." நகுல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நேராவே கேக்குறேன். என்னைச் சந்தேகப்படறீங்களா?"

"ஆமாம்."

"அப்போ நான் இங்க என்ன பண்றேன்?"

பையை எடுத்துக்கொண்டு நகுல் படியிறங்கினார். ஒருவரும் தடுக்கவில்லை. தடுத்தால் கூட்டாளி என்று ஆகிவிடுமோ என்று எங்களுக்கும் பயம்.

மறுநாள் பகலில் நகுல் திரும்பி வந்தார். உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்: "மேடம், வீட்டுக்குப் போய் யோசிச்சேன். அசல் நம்மகிட்ட மட்டும் இல்ல. ஒரு காப்பி வெளிய இருக்கு. நீங்களே உங்க கையால குடுத்தது."

பென் டிரைவ்! பேசியவர் கையில் நேர்மையின் பேரால் கொடுத்த முழுப் பிரதி. ஒருவரின் குரலைக் கணினிக்குப் பழக்க அதைவிட நல்ல தீனி ஏது? எல்லாரையும் சந்தேகித்த அம்மையார், தன் வழக்கத்தை மட்டும் சந்தேகிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி தாராவிக்குப் போனார்.

"அதுவா? சைஃப்கிட்ட குடுத்தேன். மாப்ளைதான் கம்ப்யூட்டர்க் கடையில வேல பாக்கான்லா, அவன்ட்ட பத்திரமா..." என்று சொல்லிக்கொண்டே வந்த ஹனீப் பாதியில் நின்றுவிட்டார். சைஃப் அவருடைய தங்கை ராபியாவின் மகன். கணவர் இல்லாமல் ராபியா வளர்த்த ஒரே பிள்ளை. தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்தில் பட்டறை இருந்த இடத்துக்கு மாற்றிடம் வரப்போகிறது, அது யார் பேரில் பதிவாகும் என்று மாமனுக்கும் மருமகனுக்கும் கொஞ்ச நாளாகவே பேச்சில்லை. ஹனீப் அம்மையார் பக்கம் திரும்பினார்.

"எம்மா, இத இத்தோட விட்ருங்க. நான் ஜெயிலுக்குப் போனாலும் போறேன். எந் தங்கச்சிக்கு அவன் ஒருத்தந்தான்."

அப்போதும் அம்மையாருக்குச் சந்தேகம்தான். இவர் மருமகனைக் காக்கிறாரா? அல்லது காப்பதுபோல் காட்டி, பழியை நாசூக்காக அந்தப் பக்கம் தள்ளுகிறாரா? 'கல்லைக் கண்டால் நாயைக் காணோம்' என்பார்களே, அந்த நிலையில் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார். ஹனீபின் பெயர் சந்தி சிரித்துக்கொண்டிருந்தது. அதே ஒலித்துண்டு வேறு போன்களிலும் சுற்றத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் ராபியா எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்.

"யார் சொல்லி வந்தேள்?" என்பதே அம்மையார் கேட்ட முதல் கேள்வி.

"யாரும் சொல்லலம்மா. நீங்க வந்து பென் டிரைவக் கேட்டுட்டுப் போனிய. அன்னையிலேர்ந்து எங்க அண்ணன் சோறு திங்க மாட்டேங்காவ, எம் மவன் எங் கண்ணப் பாக்க மாட்டேங்கான். நடுவுல நான் ஒருத்தி கிறுக்கியா?"

மைக்கை வைத்தார்கள். வழக்கப்படி யாரும் பேசாமல் அறையின் மூச்சைப் பதிந்தார்கள். அன்று அம்மையார் செருமவில்லை. பிறகு ராபியா பேசினார்.

"ஒரு நா எம் மவன் போன எங் காதுல வச்சான். 'உம்மா, மாமா பேசுறாவ, கேளு'ன்னான். எங்க அண்ணன் கொரலு. 'ராபியா, நீ வைக்கிற மீன் கொளம்பு மாதிரி ஒலகத்துலயே கெடையாது'ங்குது. எங்க அண்ணன் சென்மத்துல எங் கொளம்பப் புகழ்ந்ததில்ல. நான் சிரிச்சேன் பாருங்க, கண்ணுல தண்ணி வந்துட்டு. இன்னொருக்கா போடுல, இன்னொருக்கா போடுலன்னு கேட்டுக் கேட்டுச் சிரிச்சேன். அந்தச் சிரிப்புதாம்மா இப்ப தொண்டையில நிக்கிது."

ஒலித்துண்டைப் போட்டுக் காட்டினார்கள். கேட்டு முடித்துத் தலையசைத்தார். "கெடந்தா கெடக்கட்டும்னு எங்க அண்ணன் ஒரு பூனையக்கூடச் சொல்ல மாட்டாவ."

அம்மையார் விடவில்லை. அண்ணனைக் காக்க மகனைக் கொடுக்கும் தாய் உண்டா? உண்டென்றால் ஏன்? "உங்க பிள்ளை மாட்டிப்பான். தெரியுமோன்னோ?"

"தெரியும். தப்பப் பண்ணிட்டு நல்லவன் மாதிரி வெளிய திரியிறதுக்கு, தப்பப் பண்ணவன்னு தெரிஞ்சு வீட்டுக்கு வரட்டும். நான் சோறு போடுதேன்."

ஆயினும் ஒரு பக்கத்துச் சொல்லோடு ஒலிபரப்புவது அம்மையாரின் அகராதியில் இல்லை. சைஃபை வரவழைத்தார். வாலிபர் முதலில் எல்லாவற்றையும் மறுத்தார். கம்ப்யூட்டர், கடை, கஸ்டமர் என்று என்னென்னவோ சொன்னார். அம்மையார் ராபியாவின் பதிவைப் போட்டார். மீன்குழம்பு வரை வந்தபோது சைஃபின் கை மேசையைப் பிடித்தது. முடிந்ததும் அவர் கேட்டார்:

"இது நெசமாவே எங்க உம்மாதானா? இல்ல, நீங்க செஞ்சதா?"

கேட்டீர்களா, கண்ணுகளே? ஊரார் காதில் பொய்க் குரலை ஊதியவருக்கு, பெற்றவளின் மெய்க் குரல்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. விசாலாக்ஷி ஜன்னலைக் காட்டினார்.

"கீழே டீக்கடைகிட்ட நின்னுண்டிருக்கா. போய் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டுண்டு வா."

சைஃப் இறங்கிப் போனார். ஓடிவிடுவார் என்றார் ஸ்மிதா. ஓடினாலும் அது பதில்தான் என்றார் அம்மையார். வெகுநேரம் கழித்து ராபியா முன்னால் வர, சைஃப் பின்னால் வந்தார். மைக்கின் முன் உட்கார்ந்து, மாமன் சிறைக்குப் போனால் மாற்றிடம் தன் பேருக்கு வரும் என்று அந்தத் துண்டைச் செய்து அனுப்பியதை அவர் வாயாலேயே சொன்னார்.

அந்த அத்தியாயத்தில் பொய்த் துண்டின் ஒரு சொல்கூட ஒலிக்கவில்லை. வெள்ளிக்கிழமைச் சந்தின் அமைதி ஒலித்தது. ராபியா ஒலித்தார். சைஃப் ஒலித்தார். ஹனீபையும் அம்மையார் சும்மா விடவில்லை. "பூட்டறதுக்கு முன்னாடி பரணை ஏறிப் பார்த்தேளா?" என்று கேட்டார். "பாக்கல. பாத்திருக்கணும்" என்று ஹனீப் சொன்னதும் அப்படியே ஒலித்தது. குற்றவாளி என்ற பெயர் போயிற்று. கவனக்குறைவு என்ற பாரம் அவர் தோளிலேயே இருந்தது, அதை அவரும் இறக்கி வைக்கவில்லை. பைசானின் கை ஆறும் வரை அவருக்கு ஊட்டியது ஹனீப்தான்.

அத்தியாயத்தின் முடிவில், தயாரித்தோர் பெயர் சொல்லும் இடத்தில், நாங்கள் யாரும் எதிர்பாராத ஒரு வரி வந்தது. "இதன் ஒலித்தொகுப்பு நகுல். நான் அவரைச் சந்தேகித்தேன். அவர் குற்றமற்றவர். விசாலாக்ஷி." அதைப் பதியும்போது நடுவில் ஒரு செருமல். "வெட்டிடவா மேடம்?" என்று நகுல் கேட்டார். "இருக்கட்டும். நிஜமா நான்தான் சொன்னேன்னு தெரிய வேண்டாமா?" என்றார் அம்மையார்.

எல்லாம் அடங்கிய பிறகு ஹனீப் ஒருநாள் செம்பூருக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நாங்கள் நாற்காலி போட்டோம். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"எம்மா, எங் கொரல எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க. ஒங்க பொட்டியில அது இருக்கக் கூடாது."

ஆவணத்தை அழிப்பவர்களை ஆயுள் முழுதும் துரத்தியவர் விசாலாக்ஷி. பழைய ஒலிநாடாக்களைக்கூடக் குழந்தைபோல் துணியில் சுற்றி வைப்பவர். அவர் எழுந்து, அலமாரியைத் திறந்து டிரைவை எடுத்து, கணினியின் முன் உட்கார்ந்து, ஹனீபின் கண்ணெதிரே, போன வருடத்துப் பேட்டியின் அசல் பதிவை முழுவதுமாக அழித்தார். விரல் கடைசிப் பொத்தானின்மேல் சற்று நின்றதை நாங்கள் பார்த்தோம். பிறகு அழுத்தினார்.

"அவ்வளவுதான். இனிமே எங்ககிட்டே எங்கேயும் கிடையாது."

அதற்குச் சான்று ஏதும் இல்லை. கணினியில் அழித்தது எங்கெங்கே தங்கும் என்று யாருக்குத் தெரியும்? ஹனீப் ஏமாற்றப்பட்டவர், சான்று கேட்க அவருக்கு உரிமை இருந்தது. அவர் அம்மையாரின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"நீங்க சொன்னாப் போதும்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

விசாலாக்ஷி அம்மையாருக்கு விருதுகள் வந்ததுண்டு. அவை எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று அவருக்கே தெரியாது. அன்று மாலை வரை அவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் கொடுத்த தேநீரைச் சூடாகவே குடித்தார்.

அம்மையாரே! இதோ, மீண்டும் தங்களைப் பார்த்தே பேசுகிறோம். நல்லோர் சொல்லை நம்பி நலிந்ததும் உண்டு, நம்பாமல் நலிந்ததும் உண்டு. இரண்டுக்கும் நடுவே நூலிழையில் நடந்து காட்டிய தங்கள் கால்களுக்கு எங்கள் வணக்கம். நோயின்றி, நோவின்றி, நீள்செவி மங்காமல், நிறைநாள் வாழ்க! கடற்காற்றும் கடைத்தெருவும் கச்சேரியும் காலை நடையும் தங்களுக்குக் களிப்பே தருக! ஐயம் அகலாதிருக்கட்டும், அதன் பாரம் மட்டும் எங்கள் தோளுக்கு மாறட்டும். எங்கள் குரலில் யாரேனும் போன் செய்து, 'இங்கே எல்லாம் நலம், தாங்கள் வர வேண்டாம்' என்று சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். மாடிப்படி ஏறி, நேரில் வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் தங்கள் ஐயத்துக்கு உரிய,
'கேள்விச் செவி' ஊழியர்கள்,
செம்பூர், மும்பை.